கம்பெனி பஸ்ஸில் நான் சொன்ன பொய்

சதீஷ், சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொடங்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். போனில் அதைக் கேட்டுவிட்டால் நீ "சாப்ட்டேம்மா" என்பாய், நான் "இன்னா சாப்ட்ட" என்பேன், அதோடு நம் பேச்சு தீர்ந்துபோகும். இரண்டரை வருடமாக அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இன்றைக்கு வியாழக்கிழமை, லீவு போட்டுவிட்டேன். காலையில் போனில் சூப்பர்வைசர் என்ன காரணம் என்று கேட்டார். "பையனுக்கு லெட்டர் எழுதணும் சார்" என்றேன். சிரித்துவிட்டு, காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார். நான் எழுதி முடித்ததும் உன் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். அனுப்பும்போது அவரும் படிப்பார். படிக்கட்டும். எழுத்து கோணலாக வந்தால் அவரைத் திட்டு, பிழையாக இருந்தால் என்னைத் திட்டு.

விஷயம் உனக்குத் தெரியும். நாளைக்கு நீ படத்தைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். பதினான்காவது நிமிடத்தில் நான் ஷகிலாவிடம் பேசும் இடம் இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். "பாக்கலாம்" என்றேன். அந்த "பாக்கலாம்" உன்னைச் சென்னை வரைக்கும் குடைந்திருக்கும் என்று தெரியும். அந்த இடம் இருந்தால், அடுத்த மாதம் நாட்றம்பள்ளி மண்டபத்தில் நீ படம் போடும்போது, எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் வரும் நாற்பது பெண்களும் நான் பொய்க்காரி என்று தெரிந்துகொள்வார்கள். எடுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, உனக்கும் எனக்கும் தவிர. பதில் சொல்வதற்கு முன்னால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே.

அந்தப் பொய் எப்படிப் பிறந்தது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன்மேல் எரிந்து விழுந்திருப்பேன், அதனால் கேட்காததும் நல்லதுதான். உனக்கு சினிமாக் கல்லூரியில் இடம் கிடைத்த மறுநாள் காலை. பஸ் வாணியம்பாடியில் நின்றது, ஷகிலா ஏறி, நான் பை வைத்துப் பிடித்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். பதினாறு வருடமாக அவளுக்கு நான் பிடித்து வைக்கும் இடம் அது. செக்கிங் டேபிளிலும் அவள் எனக்கு எதிரே. "அக்கா, சதீஷுக்கு சீட்டு கெடச்சிதா? இன்னா படிப்பு?" என்று கேட்டாள். வாயைத் திறந்தேன். எங்கள் தெருவில் ஒருவர் சினிமா சினிமா என்று போய், தாடியோடு திரும்பி வந்து, அண்ணன் வீட்டு மாடியில் இருபது வருடம் படுத்துக்கிடந்தது சட்டென்று ஞாபகம் வந்தது. பின் சீட்டில் நான்கு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "கம்ப்யூட்டர்" என்றேன். "இன்ஜினியரிங்கா?" என்றாள். தலையை ஆட்டினேன். நீ படம் வெட்டுவதும் ஒட்டுவதும் கம்ப்யூட்டரில்தானே, முழுப் பொய் இல்லையே என்று ஆம்பூர் வரைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. ஷகிலா வாரத்துக்கு ஒருமுறை உன் படிப்பைக் கேட்பாள். நானும் செமஸ்டர் என்றேன், லேப் என்றேன், சார் ரொம்ப கண்டிப்பு என்றேன். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தால் சந்தேகம் வருமே என்று, இரண்டாவது செமஸ்டரில் கணக்குப் பாடத்தில் உனக்கு ஓர் அரியரும் வைத்தேன். மன்னித்துவிடு. ஷகிலா அந்த அரியருக்காக உட்கார்ந்து துவா கேட்டாள். ஆறு மாதம் கழித்து, "பாஸ் பண்ணிட்டான்" என்று வேறு வழியில்லாமல் சொன்னேன். அடுத்த நாள் அவள் ஒரு டப்பா மக்கன் பேடா வாங்கி வந்து பஸ் முழுக்கக் கொடுத்தாள். நானும் இரண்டு தின்றேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் இறங்கியது. நன்றாகவே இருந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில் நீ நிஜமாக என்ன படித்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குப் பாதிதான் புரிந்தது. முதல் வருடம் லீவில் வந்தபோது ஒரு கதை சொன்னாய். அதில் ஒருவன் தோல் கம்பெனிக்குள் சுவர் ஏறிக் குதித்து, முதலாளியை நடுங்க வைத்து, எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு, பாலாற்று மணலில் தனியாக நடந்து போவான். "எப்படிம்மா உள்ள போவான்?" என்று என்னிடம் யோசனை கேட்டாய். "கேட்ல போனைக் குடுத்துட்டு, கார்டைக் காட்டிட்டுப் போவான், வேற எப்படிப் போவான்?" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தாய். கேலிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையில் வந்த ஒரு ஆளையும் நான் எங்கள் பஸ்ஸில் பார்த்ததில்லை.

அடுத்த லீவில் நீ வேறு ஆளாக வந்தாய். ஒரே இடத்தை நான்கு நிமிடம் எடுத்துவர வேண்டும், ஒருவரும் பேசக் கூடாது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். ஹைவே பாலத்துக்குக் கீழே இருக்கும் பஞ்சர் கடைக்கு ஐந்து நாள் போனாய். முதல் மூன்று நாள் கேமராவையே வெளியில் எடுக்கவில்லை. "சும்மா உக்காந்துட்டு வரியே, இன்னாடா படிப்பு இது?" என்று நான் நச்சரித்தேன். நான்காவது நாள் சட்டை முழுக்க கிரீஸோடு வந்தாய், லாரி டியூபைப் பிடித்துக்கொடுக்கச் சொன்னாராம் கடைக்காரர். அன்றைக்கு மத்தியானம் நீ சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. "ட்யூப தண்ணில அமுக்கி, முட்ட எங்க வருதுன்னு பாக்குறாரும்மா. அப்ப அவர் மூச்சே விடல" என்று சொல்லிக் காட்டினாய். படம் எடுப்பது என்றால் என்ன என்று உனக்கு எங்கிருந்தோ கொஞ்சம் பிடிபட்டுவிட்டது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அந்த நான்கு நிமிடத்தை என் போனில் போட்டுக் கொடுத்தாய். இரண்டு தடவை பார்த்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "கை கழுவிட்டு வா" என்று தட்டை வைத்தேன். உன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன், ஏன் என்று விளங்கவில்லை. இப்போது சொல்கிறேன், கேள். என் மேஜைக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ அப்பர் வருகிறது, அதாவது அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால் இருக்கும் ஷூவின் மேல்பகுதி. கோணல் தையல், கீறல், கலர் ஜோடி சேராதது என்று எதைப் பார்த்தாலும் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவோம். குறை இல்லாத அப்பரை யாரும் பாராட்டுவதில்லை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவோம். எனக்குத் தெரிந்த பாராட்டு அது ஒன்றுதான். உன் படத்தை நான் அப்படித் தள்ளினேன். நீ அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாய். அதற்கப்புறம் ஒரு வருடம் நீ எடுத்த எதையும் எனக்குக் காட்டவில்லை. தப்பு என்னுடையதுதான். வீட்டைச் செக்கிங் டேபிள் மாதிரி நடத்தியிருக்கக் கூடாது.

கடைசி வருடப் படத்துக்கு எங்கள் பஸ்ஸை எடுக்கிறேன் என்று நீ வந்து நின்றபோது எனக்குப் பெருமையும் பயமும் சேர்ந்து வந்தது. கம்பெனிக்குள் கேமரா கூடாது என்றார்கள், பஸ்ஸுக்குள் இரண்டு நாள் காலையில் எடுத்துக்கொள் என்றார்கள். "எல்லாரும் சாதாரணமா, தெனமும் வர்ற மாதிரி வரட்டும்னு சொல்லிடும்மா" என்று நீ என்னிடம் படித்துப் படித்துச் சொன்னாய். நானும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. "திங்கக்கெழம கேமரா வருது, பாத்துக்குங்க" என்றேன். சாதாரணமாக வரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நைந்த சுடிதாரும் கோணல் ஹேர்பின்னுமாக இவர்களை எவனோ சென்னையில் உட்கார்ந்து பார்ப்பானே என்று இருந்தது.

திங்கட்கிழமை நடந்தது உனக்கே தெரியும். நாற்பது பட்டுப்புடவை. டிரைவர் பஸ்ஸைக் கழுவி, ஆயுத பூஜைக்குக் கட்டுவது போல முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தார். உன்னோடு கேமரா பிடிக்க வந்த ஹேமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ படிக்கட்டில் நின்று, "இன்னாம்மா இது? பொண்ணழைக்கப் போற பஸ் மாதிரி கீது" என்றாய். ஒரு நாள் போயிற்று என்று நீ தலையில் கை வைத்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஹேமாதான் சும்மா இருக்காமல் ஒவ்வொரு சீட்டாகப் போய், இது எப்போது எடுத்த புடவை என்று கேட்டு எடுத்துக்கொண்டே வந்தாள். கேட்டில் செக்யூரிட்டி எங்களை உள்ளே விடுவதற்கே யோசித்தார். பட்டுக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அன்றைக்கு முழுக்க வேலை பார்த்தோம். பின் சீட்டு லட்சுமியின் மாம்பழக் கலர் புடவையில் பசை ஒட்டிக்கொண்டது, அதற்கு இன்றுவரை என்னைப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் நீ கேட்ட மாதிரியே வந்தார்கள், கொஞ்சம் முறைப்பாக. என் புடவை மடிப்புக்குள் நீயே மைக்கை மாட்டினாய். காதில் ஹெட்போனோடு முன்னால் போய், எனக்கு முதுகு காட்டி நின்றாய். வாணியம்பாடி தாண்டுவதற்குள் எனக்கு மைக் மறந்துபோயிற்று. ஷகிலா காதருகில் வந்தாள். "அக்கா, உன் புள்ள கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே, இந்தக் கேமரா பேஜார்லாம் இன்னாத்துக்கு?" நான், "அது சும்மா காலேஜ் ப்ராஜெக்ட்டு. படிப்பு வேற" என்றேன். "நான் பயந்துட்டேன், எங்க சினிமாக்குப் போய்ட்டானோன்னு" என்றாள். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "அப்படிப் போனா வூட்டுக்குள்ள விடுவேனா?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். நீ ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாய். திரும்பவில்லை. ஆம்பூரில் இறங்கும்போது என் தோளில் இருந்து மைக்கைக் கழற்றினாய், ஊசி குத்திவிடாமல் மெதுவாக. "பேட்டரி நல்லா நின்னுச்சும்மா" என்றாய். அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டில் நான்கு தோசை தின்றாய், பை கட்டினாய், போனாய். நீ கேட்டாயா இல்லையா என்று தெரியாமல் நான் மூன்று மாதம் இருந்தேன். தெரியாமல் என்ன, தெரியும். கேட்காமல் இருந்திருக்க மாட்டாயா என்று நப்பாசை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ லேப்டாப்பைத் திறந்து என்னையும் அப்பாவையும் உட்காரவைத்தாய். படம் பட்டுப்புடவையில் தொடங்கியது. நீ தலையில் கை வைத்த அதே நாள். லட்சுமி தன் தலை தீபாவளிப் புடவையைத் தடவித் தடவிப் பேசுகிறாள். பதினாறு வருடம் கூடவே வந்தவள், அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "கோவப்பட்டியேடா, இப்ப பாதிப் படம் அதுதானே?" என்று கேட்டேன். "நான் தாம்மா தப்பு பண்ணேன். அவங்க எப்படித் தெரியணும்னு அவங்களுக்கு ஆச இருந்துச்சு. நான் என் ஆசைக்கு வரச் சொன்னேன்" என்றாய். இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. எடுத்ததை மறுபடி மறுபடி உட்கார்ந்து பார்த்து நீயாகவே கண்டுபிடித்தாய் என்று ஹேமா சொன்னாள். அப்புறம் பதினான்காவது நிமிடம் வந்தது. உன் அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனார். படம் முடிந்ததும் நீ என் முகத்தைப் பார்க்காமல், "வேணாம்னா எடுத்துர்றேம்மா. வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் கீது" என்றாய்.

நீ கேட்காமலே போட்டிருக்கலாம். நான் சொன்ன சொல், என் குரல், யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. நீ கேட்டாய். படம் எடுக்கப் படித்ததில் அது ஒன்றைக் கற்றிருந்தால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் இந்தத் திங்கட்கிழமை முழுக்க அந்த இடத்தை வெட்டிவிடச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். என்னோடு வேலை செய்பவர்கள் முன்னால் நான் இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்தவள். உனக்கு இதைவிட நல்ல இடம் வேறெங்காவது கிடைக்காதா என்று உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று காலை வாணியம்பாடியில் ஷகிலா ஏறினாள். உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன். "ஷகிலா, என் புள்ள இன்ஜினியரிங் படிக்கல. சினிமா படிக்கிறான். மொதல்லேருந்தே." அவள் என்னையே பார்த்தாள். "அப்ப அந்த அரியரு?" என்றாள். "நான் வெச்சது" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செக்கிங் டேபிளில் எதிரே உட்கார்ந்தும் தலை நிமிரவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லட்சுமி பக்கம் போய்விட்டாள். பதினாறு வருடத்தில் முதல்முறையாக நான் தனியாகச் சாப்பிட்டேன். எனக்கு அழுகை வந்தது, உன் மேல் கோபமும் வந்தது. நீ நல்ல பிள்ளையாக நிஜமாகவே இன்ஜினியரிங் படித்துத் தொலைத்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் நான் இடம் பிடிக்கவில்லை. எந்த முகத்தோடு பிடிப்பது? அவளாகவே வந்து உட்கார்ந்தாள். பஸ் ஆம்பூரைத் தாண்டியதும், "வூட்டுக்குள்ள விடமாட்டேன்னு அன்னிக்கு சொன்னியே, அத அவன் கேட்டானா?" என்றாள். "கேட்டான். மைக் மாட்டியிருந்தான்" என்றேன். "அதுக்கப்புறம் வூட்டுக்கு வந்தானா?" "வந்தான்." "ஒண்ணும் சொல்லலியா?" "சொல்லல." ஷகிலாவின் கண் கலங்கிவிட்டது. என் கையில் நறுக்கென்று கிள்ளினாள், இன்னும் சிவந்திருக்கிறது. "எங்கிட்ட சொன்ன பொய் எனக்கு வலிக்குது, அது வேற. ஆனா நீ அவன்கிட்டதான மொதல்ல பேசணும்? எங்கிட்ட வந்து இன்னாத்துக்கு ஒப்பிக்கிற?" என்றாள்.

அதனால்தான் லீவு. அதனால்தான் இந்தக் கடிதம். சதீஷ், உன்னைப் பற்றி வெட்கப்பட்டேன். உன் படிப்பு என்னவென்றே தெரியாமல் வெட்கப்பட்டேன், தெரிந்த பிறகும் பழக்கத்தில் வெட்கப்பட்டேன். வீட்டுக்குள் விடமாட்டேன் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு நீ எந்த மனசோடு அன்றைக்கு இந்த வாசற்படி ஏறினாய் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. என்னை மன்னித்துவிடு. அந்தப் படம் நன்றாக இருக்கிறது, சதீஷ். ரொம்ப நன்றாக இருக்கிறது. லட்சுமி சிரிக்கும் இடம் நன்றாக இருக்கிறது, ஆம்பூர் வரும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் பையைத் தோளில் மாட்டும் இடம் நன்றாக இருக்கிறது. நான் பொய் சொல்லும் இடம் எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது. அதில் ஒரு விநாடிகூடக் குறைக்காதே.

ஒரே ஒரு வேண்டுகோள், அம்மா என்பதற்காக இல்லை, மைக் மாட்டிக்கொண்டவள் என்பதற்காக. இனிமேல் யாருக்கு மைக் மாட்டினாலும், பாதி வழியில் ஒருமுறை "அது ஓடிக்கினுதான் இருக்குது" என்று அவர்களுக்கு ஞாபகப்படுத்து. அதற்கப்புறமும் அவர்கள் பேசினால் அது உன்னுடையது. அடுத்த மாதம் ஹைதராபாத் போய், உன்னைக் கூப்பிட்டிருக்கும் அந்த எடிட்டரிடம் வேலைக்குச் சேரும்போது, யார் எது கேட்டாலும் பஞ்சர் கடையில் உட்கார்ந்த மாதிரி முதலில் மூன்று நாள் உட்கார். நான் நச்சரித்தால் காதில் வாங்காதே.

மண்டபத்தில் படம் போடுவதற்கு முன்னால் யாராவது எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும், நீ பேசமாட்டாய், கூச்சப்படுவாய் என்று ஹேமா சொன்னாள். நான் பேசுகிறேன். பஸ்ஸில் வரும் அத்தனை பேரையும் நேற்று சாயங்காலமே வரச் சொல்லிவிட்டேன், ஷகிலா முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை, நீளமாக வராது. இவன் என் பிள்ளை, சினிமா படித்திருக்கிறான். அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். சொல்லும்போது நீ என் பக்கத்தில் வந்து நில்.